அறிவிப்பு வண்டியில் இன்னொருத்தி குரல்

பொறாமை எனக்கு அடிவயிற்றில்தான் வரும். நெஞ்சு எரிந்தது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுடையது கொஞ்சம் உயர்ந்த ரகமாக இருக்கலாம். ஊரடங்கு போட்ட அந்த வருஷம் காலை ஏழு மணி, மதியம் ஒரு மணி, மாலை ஐந்து மணி என்று மாத்திரை சாப்பிடுகிற மாதிரி மூன்று வேளையும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மூன்று வேளையும் பேரூராட்சியின் அறிவிப்பு ஜீப் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற வளைவில் வந்து நிற்கும். நின்று, இன்னொருத்தியின் குரலில் ஊரோடு பேசும்.

அதற்கு முன்பு பதினெட்டு வருஷம் அந்த ஜீப்பில் பேசியது நான்.

எங்களுடையது குன்னூரிலிருந்து குந்தா போகிற வழியில் இருக்கிற சின்னப் பேரூராட்சி. அதன் அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். பிறப்பு, இறப்பு, சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் என் மேஜைக்கு வரும். அறிவிப்பு செய்வது என் வேலைப் பட்டியலில் எங்குமே இல்லை. நான் சேர்ந்த புதிதில் அறிவிப்பு படிக்கிறவர் ஒரு நாள் வரவில்லை. அப்போதிருந்த செயல் அலுவலர் தாளை என் கையில் கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்ததும், "குரல் கணீர்னு இருக்குதுங்கம்மா, இனிமே நீங்களே போயிருங்க" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் ஓட்டினேன். சம்பள உயர்வு வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மலையில் அறிவிப்பு செய்வது சமவெளியில் செய்வது போல் இல்லை. அங்கே ஆட்டோவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். இங்கே ஓடுகிற வண்டியில் பேசினால் ஒரு தெருவுக்குப் பாதி, இன்னொரு தெருவுக்கு மீதி. வளைவு பார்த்து நிறுத்த வேண்டும். எந்த வளைவில் நின்று ஒலிபெருக்கிக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் எந்தக் காலனியில் போய் விழும் என்பது எனக்கு மனப்பாடம். மொத்தம் எட்டு வளைவு. அதைவிட முக்கியமானது, ஒரு வாக்கியம் சொன்னதும் வாயை மூட வேண்டும். எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம். அவசரப்பட்டால் இரண்டும் மோதிக் குழம்பிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். ஆகவே நானும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

நான் சொன்ன செய்திகள் பெரும்பாலும் வரியையும் தண்ணீரையும் பற்றியவை. கட்டணம் கட்டாதவர்களின் இணைப்பு துண்டிக்கப்படும். பொதுக்குழாயில் ரப்பர் டியூப் மாட்டித் தண்ணீர் எடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். நான் பேசி முடித்த பிறகு குழாய் ஃபிட்டர் ஸ்பானரோடு வருவார். ஊரில் என் குரலைத் தெரியாதவர்கள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அது உண்மையும்கூட. என்னவாகத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஊரடங்கு வந்த முதல் வாரம் நான் ராணி மாதிரி இருந்தேன். பஸ் இல்லை, சுற்றுலா வண்டிகள் இல்லை, கடை இல்லை. மலை முழுக்க என் குரல் மட்டும்தான். அப்போது கவுன்சிலர்களும் கிடையாது. தேர்தல் நடக்காமல் கிடந்த காலம் அது. செயல் அலுவலர், நான், ஜீப் டிரைவர், துப்புரவுப் பணியாளர்கள், இவ்வளவுதான் ஊரின் அரசாங்கம். மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை ஒரு சொல் மாறாமல் வாசித்தேன். "நோய்த்தொற்றுப் பரவலைக் கட்டுப்படுத்தும் பொருட்டு" என்று நான் இழுத்துச் சொன்னதை எதிர்மலை அப்படியே திருப்பிச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

ஆறாம் நாள் நாலாவது வளைவில் எனக்கு இருமல் வந்தது. காலையிலிருந்து முகக்கவசத்துக்குள் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. "பொதுமக்கள் அனைவரும்" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. மைக்கை அணைக்கத் தோன்றாமல் அதைக் கையில் பிடித்தபடி விடாமல் இருமினேன். எதிர்மலை நான் இருமியதை ஒன்றுவிடாமல் திருப்பி இருமியது. டிரைவர் பாய்ந்து வந்து சுவிட்சை அமுக்கினார். அதற்குள் மூன்று காலனியும் கடைவீதியும் கேட்டாகிவிட்டது.

ஜீப் கடைவீதிக்கு இறங்கியபோது பால் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் செயல் அலுவலருக்கு ஏழெட்டு போன் வந்திருந்தது. அவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பதமாகப் பேசுகிறவர். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டு, "ஏனுங்கம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. பேரூராட்சி அம்மாவுக்கே வந்துருச்சுன்னு ஊரே பேசுது. நீங்க ஊட்டுல இருங்க" என்றார்.

குன்னூரில் பரிசோதனை எடுத்தார்கள். மூன்றாம் நாளே தொற்று இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் பதினான்கு நாள் என்றால் பதினான்கு நாள்தான். என் வீட்டுக் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். அதை என் கதவிலேயே ஒட்டியவள்தான் அந்த இன்னொருத்தி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வயது. கொசு ஒழிப்புக்கென்று தினக்கூலிக்கு எடுத்த தற்காலிகப் பணியாளர்களில் ஒருத்தி. இந்தக் குளிரில் கொசுவே இல்லை, அதை ஒழிக்க ஆள் எதற்கு என்று நான் அடிக்கடி கேட்டதுண்டு. ஊருக்குக் கீழே இருக்கிற காலனியில் வீடு. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டுகளுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். தொற்று வந்ததும் கொசுவை விட்டுவிட்டு வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கப் போட்டார்கள். டிரைவரை அண்ணா என்பாள், நர்ஸை அக்கா என்பாள், துப்புரவு வேலை செய்கிற பெரியவரை மாமா என்பாள். என்னை மட்டும் மேடம் என்பாள். மரியாதைதான். ஆனாலும் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கும்போது என்னை மட்டும் வாசலில் நிற்க வைத்த மாதிரி இருக்கும்.

ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜீப் வளைவில் நின்றது. பழைய அறிவிப்பு ஆள் யாரையாவது பிடித்திருப்பார்கள் என்று நினைத்தபடி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டது ஒரு பெண் குரல்.

"அம்மாமாரே, அக்காமாரே, நான்தான் பேசுறேன், கீழ்க்காலனி கடைசி வீட்டுப் புள்ள. இது வரி வண்டி இல்ல, பயப்படாம வெளிய வந்து கேளுங்க. காய்ச்ச இருந்தா மறைக்காதீங்க. மறைச்சா பக்கத்து ஊட்டுக்கும் போயிரும். பெரட்டுல நிக்கிறப்ப ரெண்டு கை தள்ளி நில்லுங்க."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தை அந்தக் காலனியில் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்வார்கள். இலங்கையிலிருந்து கூடவே வந்த சொல். அரசாங்க ஜீப்பில் பெரட்டு என்று பேசுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இது வரி வண்டி இல்ல' என்றது அதைவிட மோசம். அது என்னைக் குத்துவதற்காகவே சொன்னது என்று தீர்மானித்துவிட்டேன். ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அவள் மூச்சு விடாமல் பேசியதில் எதிர்மலைச் சத்தமும் அவள் சத்தமும் மோதிக் கடைசி இரண்டு வாக்கியம் கூழாகிவிட்டன. கையிலிருந்த கரண்டியோடு நான் சிரித்தேன். நாளைக்கு மைக் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் ஒரு வாக்கியம் சொன்னாள், நிறுத்தினாள், மலை சொல்லி முடிக்கக் காத்திருந்தாள், பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். நான் அதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆகியிருந்தது.

என் கணவர் அருவங்காட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். என்னால் அவருக்கும் பதினான்கு நாள் வீட்டுச் சிறை. மூன்றாம் நாள் டீயை ஊதிக்கொண்டே, "நல்லாத்தான் பேசுது இந்தப் புள்ள. நம்மகிட்ட நேர்ல சொல்ற மாதிரியே இருக்குது" என்றார். அன்று ரசத்தில் நான் உப்புப் போடவில்லை, அவ்வளவுதான். அவரும் உப்பு இல்லை என்று சொல்லவில்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்திய புத்தி.

பதினான்கு நாள் முடிந்து அலுவலகம் போனேன். கவுண்டரில் ஒருவர் வந்து, குனிந்து என்னைப் பார்த்து, "அந்தப் பாப்பா இல்லீங்களா?" என்றார். மருந்து வாங்க ஊட்டி போக வேண்டுமாம், எப்படிப் போவது என்று கேட்க வந்தவர். நான் சொல்கிறேன் என்றேன். "இல்லீங்க, அது வரட்டும், நான் வெளிய நிக்கறேன்" என்று போய் மழையில் நின்றார். ஒரு வாரத்தில் அப்படிப் பத்துப் பேராவது வந்திருப்பார்கள். படுகர் வீட்டுப் பாட்டி ஒருத்தி அவளுக்கென்று ஒரு கூடை கேரட் கொண்டுவந்து என் மேஜை மேலேயே வைத்துவிட்டு, நான் அவளிடம் மறக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

செயல் அலுவலரிடம் மைக் விஷயத்தைக் கேட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். "தொண்டை சரியாயிருச்சுங்க சார்" என்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லதுங்கம்மா. அந்தப் பொண்ணே பேசட்டும். நீங்க வாசகத்த மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லாமல், ஒற்று விடாமல் எழுதிக் கொடுப்பேன். அவள் வாங்கி ஒரு தடவை படித்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜீப்பில் ஏறித் தன் இஷ்டத்துக்குப் பேசுவாள். நான் எழுதியதில் செய்தி மட்டும் அதில் இருக்கும், என் சொல் ஒன்றுகூட இருக்காது. கேட்டால், "படிச்சுட்டேன் மேடம், எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்பாள். அவளைத் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று நான் தேடிய தேடல் கொஞ்சமில்லை. நேரத்துக்கு வருவாள், காய்ச்சல் பதிவேடு சுத்தமாக இருக்கும், யாரைப் பற்றியும் கோள் சொல்ல மாட்டாள். அப்படிப்பட்டவர்கள் மேல் பொறாமைப்படுவது பெரிய வேதனை, வெளியே சொல்லி அழவும் முடியாது.

அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தது. ஊசிக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம். எங்கள் ஊருக்கென்று ஒதுக்கியதை அன்று மாலைக்குள் போட்டு முடிக்காவிட்டால் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. பத்துப் பேர் சேராமல் நர்ஸ் குப்பியைத் திறக்க மாட்டார். கீழ்க்காலனிக்கு முதலில் திங்கட்கிழமை உயர்நிலைப் பள்ளியில் முகாம் என்று வைத்திருந்தது. அவளும் அப்படியே அறிவித்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் மாற்றம் வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே, காலனி அங்கன்வாடியிலேயே முகாம்.

அவள் அப்போது ஊரில் இல்லை. பக்கத்துப் பேரூராட்சியின் முகாமுக்கு உதவிக்குப் போய் இரண்டு நாளாக அங்கேயே தங்கியிருந்தாள். செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணி, மாத்திப் பேசி வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. பென் டிரைவ்ல ஏத்தி ஜீப்ல போட்டுறலாம்" என்றார்.

நான் போன் செய்தேன். மூன்று தடவை மணி அடித்தது. நாலாவது அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எடுக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, என் போனில் பதிவு போட்டு, நானே பேசினேன். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாத குரல். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை பெருந்தன்மையாக இருப்போம் என்று அவள் பேசுகிற முறையில் பாதியையும் சேர்த்துக்கொண்டேன். அம்மாமாரே அக்காமாரே என்றுகூடச் சொன்னேன். அந்த 'இது வரி வண்டி இல்ல' என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன். என் வாயால் என்னையே குத்திக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

டிரைவர் பென் டிரைவைப் போட்டுக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சனிக்கிழமை இருட்டுவதற்கு முன் ஒரு தடவை, ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு தடவை ஜீப் போய் வந்தது. காலை ஆறரைக்கு என் அடுப்படியில் என் குரலையே கேட்டேன். எதிர்மலை அழகாகத் திருப்பிச் சொன்னது. அன்றைக்கு ரசம் எல்லாம் நன்றாக வந்தது.

ஒன்பது மணிக்கு நான் அங்கன்வாடியில் பெயர்ப் பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். மருந்துப் பெட்டியோடு வந்த வேனிலிருந்து நர்ஸும் அவளும் இறங்கினார்கள். ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. வந்தவர்கள் நாலு பேர், அதில் ஒருவர் அங்கன்வாடி ஆயா. அத்தனை வீடுகள் இருக்கிற காலனியில் நடமாட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில்தான் இருக்க வேண்டும். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்குள் ஆள் வராவிட்டால் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லி உத்தரவு என்றார்.

அவள் ஜீப் டிரைவரிடம் ஏதோ கேட்டாள். அவர் என் பக்கம் தலையை ஆட்டினார். அவள் என்னிடம் வந்து, "மேடம், வாங்க, ஒரு எட்டு போய்ட்டு வந்துரலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

படி படியாக இறங்குகிற சந்து. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. முதல் வீட்டுக் கதவு பாதி திறந்திருக்க, ஒரு பெண் பச்சை ரப்பர் டியூப்பைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டியூப்பை அப்படியே காலடியில் போட்டுச் சேலையால் மறைத்தாள்.

"என்னாக்கா, ஊசி போட வரலையா?" என்றாள் என்னோடு வந்தவள்.

"ஊசி நாளைக்கித்தான? பள்ளிக்கூடத்துல?"

"இன்னிக்கின்னு மாத்தியாச்சு. காலையில வண்டியில சொன்னாங்கள்ல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வண்டி வந்துச்சு. ஆனா அந்தம்மா குரலு. அந்தம்மா குரலு கேட்டா தண்ணி வெட்ட வாராங்கன்னு அர்த்தம். நேத்து சாயங்காலமே எல்லாரும் டியூப்ப உருவி உள்ள போட்டுட்டு கதவ சாத்திட்டோம். யாரு நின்னு என்னா சொல்றாங்கன்னு கேட்டா?"

அந்த வீட்டுக்காரி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணியை எடுப்போம் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பதினெட்டு வருஷம் எட்டு வளைவிலும் நின்று நான் பேசியதை இந்தச் சந்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தவுடனே இவர்கள் உள்ளே ஓடியிருக்கிறார்கள்.

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வெட்கமும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் மேலே நின்றது பொறாமைதான். 'இது வரி வண்டி இல்ல' என்று அவள் தினமும் சொன்னது என்னைக் குத்துவதற்கு இல்லை, இந்தக் கதவுகளைத் திறப்பதற்கு என்று புரிந்தது. புரிந்ததும், அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னும் எரிந்தது.

அவள் சந்தின் நடுவில் நின்று கையை வாயருகே குவித்துக் கத்தினாள். மைக் இல்லை, ஒன்றும் இல்லை. "யாரும் தண்ணி வெட்ட வரல, நான் ஊசிக்காரங்களோட வந்திருக்கேன். பதினோரு மணிக்கு மருந்து போயிரும். அதுக்குள்ள வாங்க. டியூப்ப பத்தி இன்னிக்கி யாரும் கேக்க மாட்டாங்க, மேடமும் இங்கதான் நிக்கிறாங்க, அவங்களையே கேட்டுக்கங்க."

கதவு இடுக்குகளிலிருந்து எல்லாக் கண்களும் என் மேல் விழுந்தன. "கேட்க மாட்டோம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் ஒரு கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு தாயை முன்னால் அனுப்பினாள், நடக்க முடியாத ஒருவரை டிரைவர் முதுகில் ஏற்றிவிட்டாள். பத்தே முக்காலுக்கு நர்ஸ் முதல் குப்பியைத் திறந்தார். மாலை நாலு மணிக்குப் பெட்டி காலி. நான் நாள் முழுக்கப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

செயல் அலுவலருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. திங்கட்கிழமை அவர் திட்டவில்லை. "போன் எடுக்கலீன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் போனில் தவறிய அழைப்பு ஒன்று இருந்திருக்கும். மூன்று தடவை அடித்ததுமே நான் வைத்தது அவளுக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கேட்கவே இல்லை.

தொற்று அடங்கியது. தேர்தல் வந்தது, கவுன்சிலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் தற்காலிகப் பணியாளர்களை விடுவிக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. அதைத் தட்டச்சு செய்தது நான். பட்டியலில் அவள் பெயரை அடிக்கும்போது வருத்தப்பட வேண்டும் என்று முயற்சி செய்தேன். மைக் என்னிடம் வரப்போகிறது என்ற நினைப்புதான் முந்திக்கொண்டு வந்தது.

கடைசி நாள் அவள் என் மேஜைக்கு வந்தாள். கோயமுத்தூரில் ஐந்து மாடி ஜவுளிக் கடை ஒன்றில் மைக்கில் அறிவிக்கிற வேலை இருக்கிறதாம். தள்ளுபடி, வண்டி எண், காணாமல் போன குழந்தை எல்லாம் சொல்ல வேண்டுமாம். அனுபவச் சான்று வேண்டும் என்றாள்.

"மைக்ல பேசுனதையும் ஒரு வாக்கியம் சேத்து எழுதுங்க மேடம்."

ஐந்து மாடி. குளிரூட்டிய இடம். கீழே நிற்கிற ஒருவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஓட மாட்டார்கள். எனக்கு அடிவயிற்றில் ஆரம்பித்துவிட்டது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை கொசு ஒழிப்பு மற்றும் காய்ச்சல் கணக்கெடுப்புப் பணியில் தினக்கூலி அடிப்படையில் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர் என்று அடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"மைக் பத்தி இல்லைங்க மேடம்."

"அது உன் பணியில இல்லம்மா. இல்லாதத எழுத முடியாது, ஆடிட்ல கேப்பாங்க" என்றேன். என் பணியிலும் அது இருந்ததில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"சரிங்க மேடம்" என்று வெளியே போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவரிடம் தாளைக் காட்டினாள். அவர் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போனேன்.

"கொண்டா அந்தத் தாள, ஒரு வாக்கியம் விட்டுப்போச்சு. எழுதித் தர்றேன்" என்றேன்.

"இருக்கட்டும் மேடம். கடைக்காரங்க போன்லயே பேசச் சொல்லிக் கேட்டுட்டாங்க. திங்கக்கிழம வரச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அந்த வாக்கியத்தக் கேட்ட?"

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஊருல எனக்கு முன்னாடி மைக்ல பேசுன பொம்பள நீங்க ஒருத்தங்கதான மேடம். உங்க கையால எழுதி வாங்கிட்டுப் போவோம்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

நான் கையை நீட்டியபடி நின்றேன். அவள் தாளைத் தரவில்லை. பஸ் வந்தது, போய்விட்டாள்.

மைக் அடுத்த வாரமே என் கைக்கு வந்துவிட்டது. அவள் கேட்ட வாக்கியத்தை மனசுக்குள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பொது அறிவிப்புப் பணியைச் சிறப்பாகச் செய்தார் என்று முதலில் எழுதினேன். பிறகு மிகச் சிறப்பாக என்று திருத்தினேன். இப்போதெல்லாம் அது 'என்னைவிட' என்று ஆரம்பிக்கிறது. வாங்கிப் போகத்தான் ஆள் இல்லை.